பதினெட்டு ஒட்டுப்பட்டிகள்

கழற்றும்போது அது போடும் சத்தம்
அந்தோனிமுத்து முதலாளிக்குப் பிடிக்காது.
சர்ரக்.
"புதுச் சேலையக் கிழிக்கிற மாதிரி இருக்கு."
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தையல்சாமான் கடையில்
சுருள் முந்நூற்றெண்பது ரூபா.
"ஏன், நூலால கட்டுனா நிக்காதா?"

நூலால் கட்டிப் பார்த்தோம்.
ஈரத்தில் முடிச்சு இறுகி
பல்லால் கடித்து அவிழ்த்த திருவிழாக்கள் உண்டு.
கறுப்பு டேப் சுற்றினோம்.
பிசின் வயரில் பாதி, விரலில் பாதி,
டிக்கோயா கல்யாணத்தில் என் சோற்றிலும் கொஞ்சம்.
பிளாஸ்டிக் டை இறுக்கினோம்.
அது ஒரு தடவை பிடித்தால் பிடித்ததுதான்.
பிளேடு வைத்து அறுத்தபோது
மைக் வயரும் சேர்ந்து அறுந்தது.
சம்பளக் கூட்டத்தில் தலைவர்
ஒரு மணி நேரம் வெறும் வாயசைத்தார்.
யாரும் வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் வெட்டினேன், பதினெட்டுத் துண்டு,
சாண் நீளம்,
ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் பஞ்சு.
வளைத்து ஒட்டினால் அட்டை மாதிரிப் பிடிக்கும்.
ரத்தம் கேட்காது.
உப்புப் போடாமலே விடும்.
துண்டு பிளாஸ்டர் ஒட்டிப் பெயரும் எழுதினேன்:
மைக் மூன்று, ஸ்பீக்கர் இடது, ஜெனரேட்டர்.
அந்த வாரம் முழுக்க
பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.
முறுக்குத் தட்டு மாதிரி இருந்தது.

பிறகு அந்த மழை.
நோர்வூட்டுக்கு மேலே, லயத்தின் முதுகுப் பக்கம்
மண் ஒரு விரல் அகலம் வாய் திறந்தது.
ராத்திரியோடு ராத்திரியாக இருபத்திரண்டு குடும்பம்
பள்ளிக்கூட மண்டபத்தில்.
கரண்ட் இல்லை.
ஜெனரேட்டரோடு போனோம், அறிவிப்புச் சொல்ல.

அறிவிப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.
போனுக்குச் சார்ஜ் வேண்டியிருந்தது.
புறக்கோட்டைக் கடையில் நிற்கும் மகன், கட்டாரில் மருமகள்,
"இருக்கியா" என்று கேட்கிற எல்லோரும்
ஒரே மேசையில், நாற்பது சார்ஜரில்
குடல் சரிந்த மாதிரிக் கிடந்தார்கள்.
இது என்னது, அது உன்னது என்று
இரண்டு பெண்கள்
கொண்டையைப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

என் பெட்டியைத் திறந்தேன்.
சர்ரக். சர்ரக். பதினெட்டுத் தடவை.
தூங்கின குழந்தை எழுந்து அழுதது.
குடும்பத்துக்கு ஒரு பட்டி.
பத்தாத நாலு பேருக்கு நூல்,
முதலாளி ஜெயித்த இடம் அது ஒன்றுதான்.
மைக் மூன்று, சிட்டம்மா ஏழாம் காம்பிரா ஆனது.
ஸ்பீக்கர் இடது, டிரைவர் தவேந்திரன் வீடு.
பெயர் சொல்ல மறுத்த ஒருவர்
பட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்து,
"ஜெனரேட்டர்னே இருக்கட்டும்" என்றார்.

நாலாம் நாள் வெயில்.
கீழ் லயம் போகலாம், மேல் லயம் கூடாது என்றார்கள்.
பதினொரு பட்டி திரும்பி வந்தது.
மிச்சத்தைக் கேட்டு ஏறினேன்.

ஒன்று, சிட்டம்மாவின் ஜன்னலைச் சாத்திப் பிடித்திருந்தது.
கொண்டி போன வருஷமே போயிற்றாம்.
ஒன்று, லேஸ் இல்லாத பள்ளிச் சப்பாத்தில்.
ஒன்று, ஆட்டுக்குட்டியின் காலில்,
இரண்டு மூங்கில் சிம்போடு.
ஜெனரேட்டர், பொகவந்தலாவைக்கு மகள் வீட்டுக்குப்
பட்டியோடு போய்விட்டார்.
மேல் லயத்தார் இன்னும் மண்டபத்தில்.
அங்கே மூன்று பட்டிகள்
இரண்டு சேலைகளைச் சேர்த்துப் பிடித்து
சுவராக நின்றன.
கழற்றக் கை போனது.
உள்ளே யாரோ உடை மாற்றும் அரவம்.
கை திரும்பியது.

கடைக்கு வந்து சாமான் புத்தகத்தைத் திறந்தேன்.
கொடுத்தது பதினெட்டு.
வந்தது பதினொன்று.
அடுத்த கட்டம், தொலைந்தது.
அதை விட்டுவிட்டு
பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து
புதுக் கட்டம் ஒன்று போட்டேன்:
வேலையில், ஏழு.

முதலாளி நெடுநேரம் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பார்த்தார்.
"அப்ப வாடகை?" என்றார்.